பசீலியாவை அழைத்த பிற்பகல்

ஆறாம் கட்டிலில் கிடந்த பசீலியா கண் இமைக்கவில்லை. அறுவையில் பிள்ளை பெற்று இரண்டு நாள். காய்ச்சல் இல்லை, நாடி சீராக ஓடியது, தையலும் சுத்தம். ஆனால் நர்ஸ் ஹெர்மெலிந்தா பெயர் சொல்லி அழைக்கும்போதெல்லாம் அந்த முகம் ஆளில்லாத வீட்டின் கதவுபோலக் கிடந்தது. ஊட்டிய தண்ணீர் கடைவாயில் வழிந்தது.

டாக்டர் ரெனான், மலைக்காரிகள் இப்படித்தான், நாளை வீட்டுக்கு அனுப்பலாம் என்றார். ஹெர்மெலிந்தா இணங்கவில்லை. அவள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக நர்ஸுகள். நோயாளியைக் கைவிட்ட பழி அவர்கள்மேல் விழுந்ததில்லை. ரத்தத்தை மறுபடி சோதிக்கவைத்தாள். குறை எதுவும் தெரியவில்லை.

மண்சரிவில் பாதை அடைபட்டு, பசீலியாவின் தாய் மலைக்கு அப்பால் நின்றிருந்தாள். போனில் அவள் சொன்னாள்: "மயக்க ஊசி போட்டப்ப பயந்திருக்கா. ஆன்மா வெளிய எறங்கிப் போயிருச்சு. அவ உடுத்தின துணிய வீசி, பேர் சொல்லிக் கூப்பிடணும். நான் வந்து சேர்றதுக்குள்ள தூரம் போயிரும். நீயே கூப்பிடு தாயி."

"பேயோட்டவும் சம்பளம் தர்றாங்களா சிஸ்டர்?" என்றார் டாக்டர். ஆனாலும் அவரிடம் கால்மணி நேரம் வாங்கிவிட்டாள். நோயாளிகளின் துணி வைக்கும் அறையில் 'ஆறு' என்று எழுதியிருந்த பையை எடுத்தாள்.

ஆலங்கட்டி மழை ஓய்ந்த முற்றத்தில், யூகலிப்டஸ் புகையும் கிருமிநாசினி நாற்றமும் கலந்து தொங்கிய மூடுபனிக்குள், பையிலிருந்த சிவப்புச் சால்வையை வீசி வீசி, "பசீலியா, வா, வீட்டுக்குப் போகலாம்" என்று கூப்பிட்டாள். மூன்றாம் முறை சால்வை கனத்தது. அதைக் கீழே படவிடாமல் ஏந்திவந்து பசீலியாவுக்குப் போர்த்தினாள்.

இமைகள் அசைந்தன. சூப் கேட்டாள். பிள்ளையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

நாலு மணி மாத்திரை. கொடுக்குமுன் பெயர் கேட்பது விதி.

"உன் பேரச் சொல்லும்மா."

"ஃபிலோமெனா."

பசீலியாவுக்கு முன், செவ்வாய்க்கிழமை இதே கட்டிலில் இறந்தவள். அவள் பிள்ளையும் தங்கவில்லை. அவள் பையை வாங்கிப்போக யாரும் வரவில்லை.

ஹெர்மெலிந்தா பையைத் திருப்பிப் பார்த்தாள். எண்ணுக்குக் கீழே ஃபிலோமெனாவின் பெயர். எண்ணை மட்டும் பார்த்து எடுத்திருந்தாள்.

சால்வையைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை.

ஜன்னலில் தட்டும் ஓசை. மெதுவாக. மறுபடியும்.

பனிக்குள் ஆஸ்பத்திரி அங்கி. வெறுங்கால். பசீலியாவின் முகம். வாய் திறந்து மூடியது. கண்ணாடியில் மூச்சு படியவில்லை.

கட்டிலில் இருந்தவள் சால்வையை இறுக்கிக்கொண்டாள்.

"உள்ள விட்டுறாதீங்க சிஸ்டர். பிள்ள பயந்துக்கும்."

பிள்ளை சத்தமாக உறிஞ்சிக் குடித்தது. கண்ணாடிக்கு வெளியே, பசீலியாவின் அங்கி மார்பில் பால் கசிந்து நனைந்துகொண்டே வந்தது.