தாமரைக்குளத்தின் பதினான்காவது மாதிரி

காலை ஏழு மணிக்குக் கீழ்க்கரைத் தெரு முழுவதும் கனலடியில் வரிசை கட்டி நின்றது. கனலடி என்பது தெருமுனையில் ஒரு தூண். அதில் இடது உள்ளங்கையை அரை நிமிடம் வைத்தால் தோளுக்குள் பதித்திருக்கும் கனற்சில்லு நிரம்பிவிடும். பிறகு ஒரு நாள் முழுக்க எந்தக் குளிரும் அண்டாது. நிரப்ப மறந்தவர் மறுநாள் மாலைக்குள் விறைத்துப்போக வேண்டியதுதான்.

"ஏட்டி, நா பையப் போட்டு எடம் புடிச்சிருந்தேன்லா?"

"பைக்கா கனல் ஏத்தப்போற? நீ வந்து நில்லு!"

பூமியின் நடுவயிறு வறுசட்டியாகிப்போனதும் தூத்துக்குடிப் பக்கமிருந்து வடதுருவ வட்டாரத்துக்குக் குடியேறியவர்களின் கொள்ளுப்பேத்திகள் இவர்கள். பனி விலகி மண் தெரிந்த இடத்தில் வீடு கட்டினார்கள். பக்கத்தில் கிடந்த ஏரிக்குத் தாமரைக்குளம் என்று பெயரும் வைத்தார்கள். அதில் தாமரை என்ன, பாசிகூட ஒழுங்காக வளராது. குழாயடிச் சண்டையை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள்.

ஒரு கிறுக்குத்தனமான விதியும் கூடவே வந்திருந்தது. ஒவ்வொருவரின் சில்லும் அவரவர் தெருத் தூணில் மட்டுமே நிரம்பும். நம் ரேஷன் அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். வேறு தெருவுக்குக் குடிபோக வேண்டுமென்றால் நகரசபை உத்தரவு வேண்டும்.

வரிசையின் நடுவில் பூரணவல்லி நின்றாள். அவளைப் பார்க்கத்தான் மேட்டுத் தெருவிலிருந்து அக்கா ஆவுடைத்தங்கம் தினமும் இறங்கி வந்தாள். தங்கைக்கு ஏழு மாதம். அக்காவுக்கோ பயம். காரணம், ஆவுடை செய்யும் வேலை. அவள் ஏரி மண்ணைப் படிப்பவள்.

ஏரியின் அடியில் ஆண்டுக்கு ஓர் அடுக்கு வண்டல் படியும். கோடையில் உருகிய நீர் கொண்டுவருவது வெளிறிய மண். குளிர்காலத்தில் மெல்லப் படிவது கறுப்பு. குழாயை இறக்கி உருவி எடுத்துப் பிளந்தால், அந்தப் பிரதேசம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக எப்படிக் குளிர்ந்தது, எப்படிக் காய்ந்தது என்பதெல்லாம் வரிவரியாகத் தெரியும். ஆவுடையின் குழாயில் நான்கு இடங்களில் ஒரே கதை இருந்தது. தொடர்ந்து ஏழு கோடைகளுக்குச் சிவப்பு அடுக்கு. அதன்மேல் ஒரு ஜாண் உயரத்துக்கு வெறும் மணல். ஏரிக்கு மேலே மலையில் கிடக்கும் பனியாற்றின் அடிப்பாறையில் துரு உண்டு. அதுவரை உருகினால் தண்ணீர் சிவக்கும். ஏழு கோடை அப்படி உருகினால், மேலே பனிச்சுவர் தேக்கிவைத்திருக்கும் வெள்ளம் உடைத்துக்கொண்டு வரும். வந்த வெள்ளம் போட்டுவிட்டுப் போனதுதான் அந்த மணல்.

குழாயின் உச்சியில் இப்போது ஆறு சிவப்பு அடுக்குகள் இருந்தன. இந்தக் கோடைத் தண்ணீரும் சிவந்துவிட்டது. கீழ்க்கரையில் அறுநூறு வீடுகள்.

பதின்மூன்றாவது முறையாக அவள் நகரசபைத் தலைவர் ஐயம்பெருமாளிடம் போனாள். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் திட்டவாவது செய்யலாம்.

"அண்ணாச்சி, மேட்டுத் தெருவுல கீழ்க்கரைக்காரங்களுக்கு ஒரு தூண் நட உத்தரவு போடுங்க. போதும்."

"போடலாம் தாயி. ஆனா கீழ்க்கரைக்குப் போட்டா நாளைக்கு வடக்குத் தெருக்காரனும் வந்து நிப்பான்லா? நீ எண்ணுனதுல ஒண்ணு கூடக் கொறைய இருந்துட்டா?"

"பதிமூணு தடவ எண்ணியாச்சு. எத்தன தடவதான் எண்ணுதது?"

"கோவப்படாத. நிபுணர் குழு இன்னொரு மண் மாதிரி கேக்குது. எடுத்துட்டு வா, ஒரு முடிவு எடுத்துருவோம்."

வெளியே வந்தபோது அவளுக்கு அழுகை முட்டியது. பூரணத்தைத் தன் வீட்டுக்கு இழுத்துப் போய்விடலாம். ஒரு நாள் இருப்பாள். மறுநாள் கனலுக்கு இங்கேதான் வந்தாக வேண்டும். எந்தப் பக்கம் யோசித்தாலும் அந்தத் தூணில் போய் முட்டியது.

பதினான்காவது மாதிரியை எடுக்கத் தூர்வாரி என்னும் எந்திரனோடு ஏரிக்குப் போனாள். இந்தமுறை மேற்கு ஓரத்தில், ஒரு ஜாண் அகலக் குழாயை இறக்கினார்கள். எந்திரன் குழாயைப் பிளந்தது. ஆறு சிவப்பு. கீழே முந்நூற்றுச் சொச்சம் அடுக்குகள். அதன் கீழே மணல். மணலுக்குள் ஏதோ தட்டுப்பட்டது.

"அந்நியப் பொருள்," என்றது தூர்வாரி. "இதுவும் குழாய்தான்."

விரல் தடிமனில் ஒரு கண்ணாடிக் குழாய். இரண்டு பக்கமும் மூடி, மெழுகு வைத்து அடைத்திருந்தது. உள்ளே ஏரி மண். ஆவுடை அதைத் துடைத்தாள். அடியில் மணல், மேலே மெல்லிய அடுக்குகள், உச்சியில் சிவப்பு. எண்ணினாள். ஆறு.

அதோடு மெழுகு பூசிய ஒரு நெகிழிச் சீட்டு கட்டியிருந்தது. முன்பக்கம் ஆங்கில அச்சு. தூர்வாரி படித்துச் சொன்னது: "ஆண்டு இரண்டாயிரத்து முப்பத்தொன்று. மாதிரி எண் ஒன்பது. ஆய்வு முகாமை இடம் மாற்றுவது குறித்து முடிவெடுக்கும் முன் இன்னொரு மாதிரி தேவை எனக் குழு கருதுகிறது."

பின்பக்கம் பேனாவால், தமிழில், யாரோ அவசரமாகக் கிறுக்கியிருந்தார்கள். அதைப் படிக்க ஆவுடைக்கு எந்திரன் தேவைப்படவில்லை. 'எண்ணியது சரிதான். எத்தனை தடவைதான் எண்ணுவது?'

அவள் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். யார் பெற்ற பிள்ளையோ! எந்த ஊரோ! கண்ணீரும் வழிந்தது, சிரிப்பும் வந்தது. இனி யாரும் மறுக்க முடியாது. இதைவிடப் பெரிய சாட்சி எங்கே கிடைக்கும்?

ஓட்டமும் நடையுமாகப் போய்த் தலைவரின் மேசையில் குழாயை வைத்தாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். ஐயம்பெருமாள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சீட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். எழுந்து நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டு, குழாயை எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

"தமிழ் எழுத்து! இத்தன வருசத்துக்கு முன்னாடியே நம்மாளு இங்க வந்திருக்கான்!"

"அண்ணாச்சி, வந்தவங்க மணலுக்குள்ள கெடக்காங்க. அதப் பாருங்க."

"பாத்தேன் தாயி. எனக்கும் மனசுக்குள்ள ஒரு உறுத்தல் இருந்துச்சு. ஒன்னய வீணா அலைய விடுதோமோன்னு. இப்பத்தான் நிம்மதி." அவர் சீட்டின் முன்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். "அவங்களே இன்னொரு மாதிரி எடுத்துட்டுத்தான் முடிவு பண்ணணும்னு எழுதி வச்சிருக்காங்க, பாரு. நம்ம முன்னோர் ஒண்ணும் முட்டாளுங்க இல்ல. அவங்க காட்டுன வழி. பதினஞ்சாவதையும் எடுத்துரு."

அன்றைக்கே அந்தக் குழாய்க்கு மாலை போட்டார்கள். கீழ்க்கரையில் அதற்கொரு மண்டபம் கட்டுவதென்று ஒருமனதாகத் தீர்மானமும் நிறைவேறியது. முன்னோர் முன்னோர் என்று அவர்கள் உருகியது யாரை நினைத்து என்கிறீர்கள்? உங்களையும் என்னையும்தான்.

மறுநாள் அதிகாலையிலேயே ஆவுடை பதினைந்தாவது மாதிரியை எடுத்தாள். சீட்டின் முன்பக்கத்தைத் தூர்வாரி அச்சிட்டது. பின்பக்கத்தில் அவள் பேனாவால் ஒரே ஒரு வரி எழுதினாள். குழாயின் இரண்டு பக்கமும் மெழுகு வைத்து அடைத்தாள்.

"இதை யார் படிப்பார்கள்?" என்று கேட்டது எந்திரன்.

"அடுத்து வார நிபுணர் குழு," என்றாள்.

அப்போதுதான் மலைமேல் பனிச்சுவர்ப் பக்கம் படபடவென்று சத்தம் எழுந்தது. அவள் எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கீழ்க்கரைக்கு ஓடினாள். கனலடியில் வழக்கம்போல வரிசை நின்றது. சத்தம் கேட்ட திசையில் எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னக்கா, மேல வேட்டுப் போடுதாவ? மண்டபத்துக்குக் கால்கோளா?" என்று சிரித்தாள் பூரணம்.

ஆவுடை அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "வா பூரணம். மேட்டுக்கு ஏறு. இப்பமே!"

"கனல் ஏத்தாம எங்கக்கா வாரது?" பூரணம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எட்டி முன்னால் பார்த்தாள். "செத்த இரேன். இன்னும் நாலு பேருதான் இருக்காவ."