அட்டைக்கு அடியில் ஒரு கை

காலையிலேயே அவள் அட்டையும் கத்தியுமாக உட்கார்ந்துவிட்டாள். சாப்பாட்டு மேசை முழுக்க மாமியாரின் நோய் பரவிக் கிடந்தது. எச்சில் வழியும் வாய், குழிந்த கன்னம், அழுக்குப் போர்வை... எல்லாம் கணவன் எடுத்த படங்கள். மறுநாள் கண்காட்சி. விலையுயர்ந்த தாளில் பெரிதாக அச்சிட்டு வந்திருந்தான். ஒவ்வொன்றின்மேலும் வைக்க, படம் தெரியும் அளவுக்கு அட்டையில் ஜன்னல் வெட்டிப் பொருத்துவது எப்போதும் இவள் வேலை.

"வெட்டுற கோட்டை இன்னும் உள்ள தள்ளு. அந்தக் கை தெரியக்கூடாது" என்றான் கணவன்.

மாமியாரின் உதட்டருகே கஞ்சிக் கிண்ணம் பிடித்திருந்த கை அது.

"ஏங்க, அது என் கைதானே?"

"படத்தோட பேரு 'யாருமற்றவள்'. பக்கத்துல நீ இருந்தா அது எப்படிப் பொருந்தும்? கலைன்னா என்னன்னு புரிஞ்சுக்கோ!"

கலையாம், கலை! அவள் வாந்தியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது இவன் வெளிச்சம் சரியில்லை என்று திரைச்சீலையை நகர்த்திக்கொண்டிருந்தான். நினைவு தப்பிக் கிடந்து தேறி எழுந்த மாமியாரோ, "என் புள்ளதான் கண்முழிச்சுப் பார்த்தான், மருமக எட்டிக்கூடப் பார்க்கல" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார். அவன் மறுக்கவில்லை. பெற்றவளின் நம்பிக்கையைக் கெடுப்பானேன் என்று இவளும் வாயை மூடிக்கொண்டாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினாள். ஜன்னல் அட்டையின் மேல் விளிம்பை மட்டும் நாடாவால் ஒட்டி, படத்தின்மேல் மூடினாள்.

சுவரைப் பிடித்தபடி மாமியார் வந்தார்.

"இதென்னடா, அநாதை மாதிரி... என் போர்வையெல்லாம் எங்க? பாதியோட அறுத்துட்டாளா உன் பொண்டாட்டி?"

"அம்மா, தொடாதீங்க!"

அதற்குள் அட்டையைத் தூக்கிவிட்டார். அடியில் கிண்ணமும் கையும் இருந்தன. மணிக்கட்டில் நீளமான தீத்தழும்பு. மாமியார் மெல்லத் திரும்பி மருமகளின் மணிக்கட்டைப் பார்த்தார். அதே தழும்பு.

"அப்போ... எனக்குப் புகட்டினது?"

"நான்தான் அத்தை."

"நீ எங்கடா இருந்தே?"

"நான்... படம் எடுத்துட்டு இருந்தேம்மா."

"சீ! பெத்தவ சாகக் கிடக்கா, நீ படமா புடிச்சே? இவ கையை மறைக்க வேற சொன்னியா?" மருமகள் பக்கம் திரும்பினார். "ஏண்டி, நான் வாய்க்கு வந்தபடி பேசினப்பகூட ஒரு வார்த்தை சொல்லலையே..."

"சொல்லியிருந்தா நீங்க தாங்கியிருக்க மாட்டீங்க அத்தை..."

மாமியார் அவளை இழுத்துக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். இத்தனை வருடத்தில் முதல் தடவை.

"அம்மா, நாளைக்குக் கண்காட்சி..." என்று இழுத்தான் மகன்.

"இவ கை தெரியிற மாதிரி வெட்டு. இல்லேன்னா என் மூஞ்சியையும் சேர்த்து மூடிடு!"

அவன் கெஞ்சலாக மனைவியைப் பார்த்தான். அவள் கத்தியை அவன் பக்கம் தள்ளினாள்.

"நீங்களே வெட்டுங்க. எனக்கு இதைத் தொடவே அருவருப்பா இருக்கு."