ஆணியில் தொங்கிய நீலக் கோப்பை

"பெல்சி, உன் கப்பு ஒண்ணுதான் பாக்கி! எடுத்துட்டு வா, டீ ஊத்துறேன். கடையைச் சாத்தணும்" என்றார் சகாயராஜ்.

சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு பெல்சியா பலகையைப் பார்த்தாள். வரிசையாக அடித்திருந்த ஆணிகளில் ஒன்றில் மட்டும் ஒரு நீல எனாமல் கோப்பை தொங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, அது என் கப்பு இல்ல. நான் இன்னைக்குக் கப்பே மாட்டல!"

கொடைக்கானலில் சகாயராஜின் சைக்கிள் கடைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. காட்டுப் பாதைக்குக் கிளம்புகிறவர், சைக்கிளில் போனாலும் நடந்து போனாலும், கடைக் கூடையிலிருந்து ஆளுக்கொரு கோப்பையை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்ததும் அதை எடுத்து இஞ்சி டீ குடிக்க வேண்டும். கோப்பை தொங்குகிறதா? காட்டுக்குள் ஆள் இருக்கிறது! பேர் எழுதிக் கையெழுத்து வாங்கும் வேலையெல்லாம் அவருக்கு ஆகாது. "கையெழுத்துப் போட மறப்பான்யா, இந்தக் குளிர்ல எவனாவது டீ குடிக்க மறப்பானா?" என்று மடக்குவார்.

பெல்சியாவுக்குக் கடைசி ஆள் வேலை. எல்லாரும் முன்னால் போய்விட, அவள் பின்னால் வந்து, வழிகாட்டக் கிளைகளில் கட்டிய சிவப்புத் துணி ரிப்பன்களை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு வருவாள். பாதை பிரியும் இடமெல்லாம் நின்று, "யாராச்சும் இருக்கீங்களா?" என்று குரல் கொடுக்க வேண்டும். கோடை சீசனில் இந்த வேலையைத் தோழி கொன்சியும் அவளும் சேர்ந்து செய்தார்கள். அப்பப்பா, கொன்சியின் வாய் இருக்கிறதே! பேச்சும் சிரிப்புமாகப் பாதை முடிவதே தெரியாது. ஜூன் மாதம் கொன்சிக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. போனவள் போனவள்தான்.

அதற்கப்புறம் பெல்சியா தனி. அவள் வந்து சேரும்போது ஊரே டீ குடித்துவிட்டுக் கலைந்திருக்கும். 'நம்மளத் தேட யாரு இருக்கா? நமக்கு எதுக்குக் கப்பு?' என்று ஒருநாள் மாட்டாமலே கிளம்பினாள். ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. அதுதான் அவளுக்கு வலித்தது. பிறகு வீம்பாக மாட்டவே இல்லை. வந்ததும் கூடையிலிருந்து ஏதோ ஒரு கோப்பையை எடுத்துக் குடித்துக்கொள்வாள். இன்றைக்கு ஒன்று மிஞ்சியதும், கடைசி ஆளின் கோப்பைதானே என்று சகாயராஜ் முடிவுகட்டிவிட்டார்.

"அப்ப இது யாருது?" என்ற சகாயராஜ் சட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "கடவுளே! காலையில ஒரு அம்மா தனியா வந்தாங்க பெல்சி. பச்சை ஸ்வெட்டர். விருதுநகர், பேரு குமுதவல்லின்னாங்க. நடந்து போறேன், மணியைத் தேடப் போறேன்னாங்க!"

மணி என்றால் புதையல்! அக்டோபரில் வருடத்தின் கடைசிப் பயணத்தன்று சகாயராஜ் ஒரு பித்தளை சைக்கிள் மணியை மூணுகல் பாதையில் எங்காவது ஒளித்துவைப்பார். கண்டெடுத்தவருக்கே அது சொந்தம். இந்த வருடம் யாருக்கும் கிடைக்கவில்லை என்று சொல்லித்தான் எல்லாரும் கலைந்தார்கள்.

"நீ தனியாப் போகாத. நான் வனத்துறை ஆளுங்களக் கூட்டிட்டு வர்றேன், சேர்ந்து போவோம்."

"அதுக்குள்ள இருட்டிரும்ணே! ரிப்பன் பூரா என் பையில இருக்கு. அந்தம்மா எதைப் பார்த்து வருவாங்க?"

சொல்லிக்கொண்டே சைக்கிளில் பாய்ந்து ஏறிவிட்டாள். பிரிவுகளில் நின்று குரல் கொடுத்தோமா என்று மனசு குடைந்தது. கொடுக்கவில்லை! ஆளில்லாத காட்டில் தன் குரல் தனக்கே திரும்பி வருவதைக் கேட்கச் சகிக்காமல், கொஞ்ச நாளாகவே அவள் வாயைத் திறப்பதில்லை.

தைல மரங்களைத் தாண்டியதும் மூடுபனி இறங்கிவிட்டது. முன் சக்கரமே மங்கலாகத்தான் தெரிந்தது. பெல்சியா இறங்கி ஒரு ரிப்பனைக் கட்டினாள். கொஞ்ச தூரம் ஓட்டினாள், மறுபடி கட்டினாள். மத்தியானம் அவிழ்த்ததையெல்லாம் திரும்பக் கட்டுகிற பிழைப்பு! விரல்கள் குளிரில் மரத்துப்போய் முடிச்சு விழ மறுத்தது.

முதல் பிரிவில் நின்று முழுக் குரலில் கத்தினாள். "யாராச்சும் இருக்கீங்களா?"

பதில் இல்லை. இந்த மலையில் தன்னைத் தவிர ஒரு உயிரும் இல்லை என்று தோன்றியது. கொன்சி பக்கத்தில் இருந்தால் என்று நினைத்தாள். அழுகை முட்டியது. 'அழுதா மூஞ்சிதான் நனையும், நட புள்ள' என்று தன்னையே திட்டிக்கொண்டு மேலே ஏறினாள்.

மூன்று பெரிய கற்கள் நிற்கும் இடத்தில் மறுபடி கத்தினாள். மூச்சை அடக்கிக் காத்திருந்தாள்.

டிரிங்... டிரிங்!

சைக்கிள் மணி! சோலைப் பக்கச் சரிவிலிருந்து வந்தது! ரிப்பன்களைக் கட்டிக்கொண்டே அவள் வேர்களைப் பிடித்துச் சறுக்கி இறங்கினாள். அங்கே ஒரு மரத்தடியில், பச்சை ஸ்வெட்டரில், ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தார் குமுதவல்லி. கையில் பித்தளை மணி.

"வந்துட்டியா தாயி!" அந்தம்மாவின் குரல் உடைந்தது. "மணியை எடுத்துட்டு மேல ஏறுனேன். வழுக்கிருச்சு, கால் பிசகிருச்சு. ஒரு ஆள் சைக்கிள்ல போற சத்தம் கேட்டுச்சு. நானும் கத்துனேன், மணி அடிச்சேன். நிக்கவே இல்ல!"

பெல்சியாவுக்குச் சுருக்கென்றது. "அது நான்தாம்மா. சைக்கிள் சத்தத்துல கேக்கல. நின்னு கூப்பிட்டிருக்கணும், கூப்பிடல. தப்பு என்னுதுதான்."

குமுதவல்லி அவளை உற்றுப் பார்த்தார். "சரி விடு. திரும்பி வந்தியே, அது போதும். அவரு போனதுலருந்து எங்க போனாலும் தனியாத்தான். ராத்திரி வரலன்னாகூட எங்க வீட்ல கேக்க ஆள் கிடையாது. யாரு தேடப்போறான்னுதான் நெனச்சேன்."

"உங்க கப்பு தேடுச்சும்மா" என்றாள் பெல்சியா.

தோளில் தாங்கி, அடிமேல் அடிவைத்து மேலே ஏறினார்கள். பாதையை எட்டியதும் பெல்சியா விறைத்து நின்றாள். எதிரே, பனிக்குள், கறுப்பாக ஒரு சுவர். அந்தச் சுவர் மூச்சுவிட்டது. காட்டுமாடு!

விரட்டலாம் என்று நினைத்து குமுதவல்லி மணியைத் தூக்கினார். பெல்சியா பாய்ந்து அதைக் கையால் பொத்தினாள். "அடிக்காதீங்க! மிரண்டா நம்ம மேலதான் பாயும். அசையாம நில்லுங்க!"

இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் இறுக்கிக்கொண்டு நின்றார்கள். காட்டுமாடு தலையை ஆட்டியது, புஸ்ஸென்று மூச்சுவிட்டது. பிறகு, இதுகளுக்கெல்லாம் வேறு வேலை இல்லை என்பதைப் போல மெல்ல நடந்து சோலைக்குள் போனது. அப்போதுதான் குமுதவல்லிக்குச் சிரிப்பு வந்தது. பெல்சியாவும் சிரித்தாள். காட்டுப்பாதையில் அவள் வாய்விட்டுச் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

கிழவி ஊசியில் நூல் கோத்த மாதிரி ஒவ்வொரு ரிப்பனாகத் தடவித் தடவி நடந்தார்கள். பாதி வழியில் டார்ச் வெளிச்சங்கள் தெரிந்தன. "பெல்சீ!" என்று சகாயராஜின் குரல் மலையே அதிரக் கேட்டது. அவரும் வனத்துறை ஆட்களும் அதே ரிப்பன்களைப் பிடித்துத்தான் மேலே வந்திருந்தார்கள். குமுதவல்லியைக் கையோடு கொண்டுவந்த நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

கடையில் அடுப்பு மறுபடி எரிந்தது. குமுதவல்லி பித்தளை மணியை பெல்சியாவின் உள்ளங்கையில் வைத்தார்.

"உன் சைக்கிள்ல மாட்டிக்க. கடைசியா வர்றவ வாயை மூடிட்டு வரக்கூடாது. சத்தம் கொடுத்துட்டே வா."

"ஐயோ, நீங்க ஜெயிச்சதும்மா!"

"அட வாங்கிக்கம்மா! அடுத்த சீசனுக்கு வருவேன். அப்ப அந்தச் சத்தத்தை நான் கேக்கணும்."

பெல்சியா மணியை வாங்கிக்கொண்டாள். அந்தம்மாவின் நீலக் கோப்பையை எடுத்துத்தரப் பலகைப் பக்கம் போனவள் அப்படியே நின்றாள். நீலக் கோப்பைக்குப் பக்கத்து ஆணியில் இன்னொரு கோப்பை தொங்கியது. ஓரம் உடைந்த மஞ்சள் கோப்பை. கொன்சி இருந்த காலத்தில் தினமும் பெல்சியா மாட்டிய அதே கோப்பை.

"இதை யாருண்ணே மாட்டுனது?"

"நான்தான்" என்றார் சகாயராஜ், டீயை ஆற்றிக்கொண்டே. "நீ காட்டுக்குள்ள இருந்தேல்ல? இனிமே நீயே மாட்டணும். மறந்தே, சைக்கிள் கிடையாது, சொல்லிட்டேன்!"

பெல்சியா இரண்டு கோப்பைகளையும் ஆணியிலிருந்து எடுத்து, டீக்கு நீட்டினாள்.