செவ்வாய்க்கிழமை வைத்த கைநாட்டு

1998 செப்டம்பர் 7, திங்கள். காலை 10.40. திருப்பதி.

எண்பத்திரண்டாயிரம் ரூபாயைக் காணோம். காகிதத்தைக் கேட்டால் காணாமல் போகவே இல்லை என்கிறது. நாற்பத்தியோரு குடும்பங்கள் தலைக்கு இரண்டாயிரம் வாங்கிக்கொண்டு கைநாட்டு வைத்திருக்கின்றன. அதே நாற்பத்தியோரு குடும்பங்கள் சித்தூர் கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து, "எங்களுக்கு ஒத்த ரூபா வரல" என்கின்றன. நான்கு மாதமாக இதே பாட்டு.

புயல் மழையில் குடிசை இழந்த கொய்யாக்குப்பத்துக்காரர்களுக்கு அரசாங்கம் கொடுத்த நிவாரணம் அது. எந்த மண்டலத்து ஆபீஸ், நம் ஊர்க் கணக்கில் தாலுகா ஆபீஸ், என்று நான் சொல்லப்போவதில்லை. புத்தூரில் பஸ் ஏறினால் வரும் ஊர்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

விசாரணை அதிகாரி ஜெயச்சந்திரன். ஓய்வுபெற ஏழு மாதம் பாக்கி. சர்க்கரை உண்டு, மூட்டுவலி உண்டு, தலைக்கு மேலே ஓடாத மின்விசிறி ஒன்றும் உண்டு. புதன் மாலை ஐந்துக்குள் அறிக்கை போயாக வேண்டும். கைரேகை நிபுணர்களோ, மை அப்பிக் கிடக்கிறது, ஒப்பிட முடியாது என்று கைநாட்டுப் பட்டியலைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் சுலோசனா, மண்டல வருவாய் அதிகாரி. இப்போது சஸ்பென்ஷன். பட்டியலின் அடியில் 'என் முன்னிலையில் பட்டுவாடா ஆனது' என்று கையெழுத்துப் போட்டவர். அறிக்கை எதிராகப் போனால் வேலை போகும், ஜெயிலும் வரும்.

"மே பன்னெண்டு, செவ்வாய். ஆபீஸ்ல இருந்தீங்களா?"

"பதினொண்ணுல இருந்து ரெண்டு வரைக்கும் நகரவே இல்ல சார். நாப்பத்தொரு பேரும் வரிசையா வந்தாங்க. கிளார்க் சிட்டிபாபு பணம் குடுத்தாரு. ஒவ்வொருத்தர் கைக்கும் போனத நான் பாத்தேன்."

"அவங்கதான்னு எப்படித் தெரியும்?"

"ஊர் வி.ஏ.ஓ. ரமணா அடையாளம் காட்டினாரு. அதுதானே முறை."

"முதல்ல எட்டாம் தேதி வெள்ளிக்கிழமைன்னு இருந்திருக்கே?"

"ரமணாதான் சீட்டு எழுதிக் குடுத்தாரு. வெள்ளிக்கிழம ஜனம் மாங்கா பறிக்கப் போயிடும், செவ்வாய் வெச்சிக்கலாம்னு. மாத்தினேன்." புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். "இருவத்திரெண்டு வருஷம் சார். ஒரு மெமோ கெடயாது. வீட்டுக்கு வந்த மாம்பழக் கூடையக்கூட திருப்பி அனுப்பினவ நான். என்னையப் போயி திருடின்னு..."

அழவில்லை. அழுது தீர்ந்துபோன முகம். ஜெயச்சந்திரனுக்குப் பாவமாக இருந்தது. ஆனால் பாவத்தை அறிக்கையில் எழுத முடியாது.

பகல் 12.15. சிட்டிபாபு இரண்டே வரியில் முடித்துக்கொண்டார். "நான் நோட்ட எண்றவன் சார். மூஞ்சிய எண்றது என் வேல இல்ல."

12.40. ரமணா. சலவைச் சட்டை, சிரித்த முகம்.

"காலைல ஒம்போது மணிக்கு ஊர்லருந்து நானே டிராக்டர்ல ஏத்திக்கினு வந்தேன் சார். சாயங்காலம் நானே ஊருக்குள்ள கொண்டுபோயி வுட்டேன். துட்ட வாங்கித் துன்னுட்டு இப்ப ரெண்டாந்தபா கேக்கறானுங்க."

"உனக்கு எந்த ஊரு?"

"கொய்யாக்குப்பமே சார். பொறந்து வளந்தது எல்லாம்."

சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார் ஜெயச்சந்திரன்.

மறுநாள், செவ்வாய். காலை 11.30. கொய்யாக்குப்பம்.

பஸ் நிற்குமிடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் நடை. மூட்டு ஒவ்வொரு அடிக்கும் அவரைத் திட்டியது. தண்ணீர்த் தொட்டிச் சுவரில் கங்கம்மா கோயில் ஜாத்திரைத் திருவிழா நோட்டீஸ் பாதி கிழிந்து தொங்கியது. பட்டியலில் பதினேழாவது பெயர் சுந்தரம்மா. கூரைக்குப் பதில் நீலத் தார்ப்பாய். மடியில் பேரக்குழந்தை.

"எத்தனை மாசம்?"

"இந்த வாரத்தோட நாலு முடியுது சார். ஜாத்திரைல பொறந்திச்சு. என் பொண்ணு ஸ்ரீதேவி வலில துடிக்கறா, ஆஸ்பத்திரிக்கு எங்க தூக்கினு போறது? ஞாயித்திக்கெழம காப்புக் கட்டிட்டா புதங்கெழம வரைக்கும் எல்லையத் தாண்டக் கூடாது. வெளிய கீறவனும் உள்ள வரக் கூடாது. நானேதான் புள்ளைய எடுத்தேன். என் உசுரு என்கிட்ட இல்ல சார் அன்னிக்கு."

"ஊசி போட்ட அட்டை இருக்காம்மா?"

டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். நர்ஸின் எழுத்து: பிறந்த தேதி 12-5-98. ஜெயச்சந்திரன் அதை இரண்டு முறை படித்தார்.

"ஜாத்திரைக்கு ரமணா வந்திருந்தாரா?"

"எங்க வந்தாரு? மொதப் பொங்கலு அவுங்க ஊடுதான் வெக்கணும். திருப்பதில ஜொரத்தோட படுத்துக்கினு கீறேன்னு சொல்லியனுப்பிட்டாரு. ஊரே வாய்மேல கைய வெச்சிச்சு."

புதன். மாலை 3.10. திருப்பதி. ஜெயச்சந்திரன், சுலோசனா, ரமணா மூவரும் ஒரே மேஜையைச் சுற்றி.

"சுலோசனாம்மா, நீங்க பாத்தது நெஜம். நாப்பத்தொரு பேர் வந்தாங்க, வாங்கினாங்க. ஆனா அதுல ஒருத்தர்கூட கொய்யாக்குப்பம் இல்ல." ஜெயச்சந்திரன் தேதி மாற்றிய சீட்டை மேஜையில் வைத்தார். "அன்னைக்கு ஊர்ல ஜாத்திரை. காப்புக் கட்டின ஊரு. வலியெடுத்த பொண்ணே ஆஸ்பத்திரிக்குப் போகல, ரெண்டாயிரத்துக்கு யாரு எல்லை தாண்டுவா?"

ரமணாவின் சிரிப்பு நின்றது.

"நிஜ ஆளுங்க யாரும் தப்பித்தவறிக்கூட ஆபீஸ் பக்கம் வராத நாள் அது ஒண்ணுதான். அது உனக்குத் தெரியும், இவங்களுக்குத் தெரியாது. ஆனா வாக்குமூலத்துல கோட்ட விட்டுட்ட. ஊர்லருந்து ஏத்திக்கினு வந்தேன், ஊருக்குள்ள கொண்டுபோய் வுட்டேன்னு சொல்லி கையெழுத்துப் போட்டிருக்க. உள்ள இருந்திருந்தா வெளிய வந்திருக்க முடியாது. வெளிய இருந்திருந்தா உள்ள போயிருக்க முடியாது. பொங்கலுக்கே வராதவன் டிராக்டரோட எப்படிப்பா போன?"

ரமணா நாற்காலியில் தொய்ந்தார். "ஆபீசருங்க ஜாத்திரைய எங்க சார் கேக்கப் போறாங்கன்னு..."

"ஆளுங்க யாரு?"

"புத்தூர் ரோட்ல பெங்களூர் லாரிக்கு நின்னுக்கினு இருந்த கூலிங்க சார். ஆளுக்கு அம்பது ரூபா, ஒரு பிரியாணிப் பொட்டலம். துட்ட டிராக்டர்ல திருப்பி வாங்கிக்கினேன்."

அவர்கள் இப்போது பெங்களூரில் எந்தக் கம்ப்யூட்டர் கம்பெனிக் கட்டடத்தின் எந்த மாடியில் செங்கல் சுமக்கிறார்களோ, யார் கண்டது.

4.35. சுலோசனா அறிக்கையின் கடைசிப் பக்கத்தைப் படித்தார். 'நேர்மையில் குறை காணப்படவில்லை.' மறுபடி படித்தார். சந்தோஷம் வரவில்லை.

"அந்த மண்டலத்துல மூணு வருஷம் இருந்தேன் சார். ஜீப்புக்கு டீசல் இல்ல, மீட்டிங்கு, எலெக்‌ஷன்னு... ஒரு தடவகூட அந்த ஊருக்குப் போகல. போயிருந்தா ஒரு மூஞ்சியாவது தெரிஞ்சிருக்கும்."

ஜெயச்சந்திரன் பேனாவை மூடினார். அதற்கு அறிக்கையில் பத்தி கிடையாது.

வெள்ளிக்கிழமை காலை சுலோசனா தனியாக பஸ் ஏறி, அந்த இரண்டு கிலோமீட்டரும் நடந்தார். நீலத் தார்ப்பாயின் முன்னால் நின்றார். நாற்பத்தியோரு பெயர்களும் நான்கு மாதத்தில் அவருக்கு மனப்பாடமாகியிருந்தன.

"சுந்தரம்மா நீங்கதானா?"

குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நாந்தான். நீ யாரும்மா? உன்ன நான் பாத்ததே இல்லியே."