வால் கூண்டின் கண்ணாடி

எவ்வளவு அழுத்தித் துடைத்தும் கண்ணாடியில் படிந்திருந்த ஆவி போகவில்லை. ஏணி உச்சியில் நின்றவளுக்கு அப்புறம்தான் உறைத்தது: ஆவி இருப்பது உள்பக்கம்.

தெருமுனைப் பூங்காவில் கான்கிரீட் தூண்கள்மேல் சிறகு விரித்து நிற்கிற பழைய குண்டுவீச்சு விமானத்தைக் கழுவுவது அவள் வேலை. மூக்கில் ஆரம்பித்து வாலில் முடிப்பாள். வால் நுனியில், ஓர் ஆள் மடங்கி உட்காரும் அளவுக்குக் கண்ணாடிக் கூண்டு. போர்க்காலத்தில் அதற்குள் ஒரு துப்பாக்கிக்காரன் பின்னால் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். குண்டு போட்டவர்கள் முன்னால் பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள். கீழே ஊர் தெருத்தெருவாக எரிவதைப் பார்க்கும் தலையெழுத்து அவன் ஒருத்தனுக்குத்தான். கூண்டுக் கதவை வெல்டிங் வைத்து அடைத்தது அவள் பிறப்பதற்கு முன்பு. இப்போது அந்தக் கூண்டு பார்ப்பது அவள் வீட்டுச் சமையலறை ஜன்னலை.

பக்கத்து வீட்டுத் தையல்காரர், யாரோ பார்த்துக்கொண்டே இருப்பதாகப் புலம்பிவிட்டு மெஷினோடு வீட்டைக் காலி செய்திருந்தார். வாங்கின துணியைத் தைத்துக் கொடுக்காவிட்டால் ஊரே பார்க்கத்தான் செய்யும் என்று தெரு சிரித்தது. அவளும் சேர்ந்துதான் சிரித்தாள்.

ஆவி சுருங்கியது. விரிந்தது. மறுபடி சுருங்கியது.

மூச்சு.

விஷயத்தைக் கேட்டதுமே புருஷன் பெட்டியை இறக்கிவிட்டான்.

"எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடலாம். கிளம்பு."

"உங்க அண்ணி மூஞ்சியைப் பார்க்கறதுக்கு அந்தப் பேயையே பார்த்துக்கிட்டு இருந்துடலாம்."

"விளையாடாதே. பயமா இல்லையா உனக்கு?"

"இருக்கு. அதுக்காக? இது எங்கப்பா கட்டின வீடு. ஊரை எரிச்சுட்டு வந்தவன் உட்கார்ந்து பார்ப்பான், நான் எழுந்து போகணுமா? நீங்க போங்க."

அவன் போயே போனான். அண்ணன் வீட்டில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்பதும் ஒரு காரணம்.

மறுநாள் சாயங்காலம் கறுப்புப் பெயின்ட் டப்பாவோடு ஏணியில் ஏறினாள். பகல் வெயிலில் காய்ந்த தகடு ஆறி, உள்ளுக்குள் யாரோ விரல் சொடுக்குவது மாதிரி எங்கெங்கோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தது; பெயின்ட் வாடையையும் மீறி எதுவோ கருகிய வாடை மூக்கில் ஏறியது. பிரஷ் போன இடத்தை விட்டு ஆவி நகர்ந்தது. பூசாத மூலைக்கு ஒதுங்கியது. அங்கேயும் பூசினாள். நிறுத்தவில்லை. கடைசியில் மிச்சம், உள்ளங்கை அளவு இடம். அதில் மூச்சு வேகமாக, வேகமாகப் படிந்தது.

"பார்த்த வரைக்கும் போதும்," என்று அதையும் அடைத்தாள்.

வீட்டுக்கு வந்து, கதவைத் தாழிட்டு, சமையலறைக் குழாயடியில் கையைத் தேய்த்தாள். பல்லி அசைவில்லாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எதிரே ஜன்னல் கண்ணாடியில் ஆவி. துணியால் துடைத்தாள்.

போகவில்லை.

இந்தத் தடவை, வெளிப்பக்கம்.

திரையை இழுக்கக் கை போனது. இழுக்கவில்லை. மூக்கு ஒட்டும் அளவுக்குக் கண்ணாடியை நெருங்கினாள்.

"பாரு. நல்லாப் பாரு. நான் இங்கதான் இருப்பேன்."

வெளியே தோல் கையுறை போட்ட கை ஒன்று எழும்பியது. அதிலிருந்து கறுப்புப் பெயின்ட் சொட்டியது. மூலையில் ஆரம்பித்து, நிதானமாக, அவள் பூசின மாதிரியே பூசிக்கொண்டு வந்தது. தெருவிளக்கு மறைந்தது. பூங்கா மறைந்தது.

மிச்சம், உள்ளங்கை அளவு இடம்.

அவள் முகத்தை எடுக்கவில்லை. அந்த இடத்தில், வெளியிலிருந்து, ஒரு கண் வந்து ஒட்டியது. கண்மணிக்குள் தெருத்தெருவாக எரிந்துகொண்டிருந்தது.