இந்தக் கையில் ஆள் இருக்கு

கோடைக்கால புரோஷரின் சோதனைத் தாள் டிசைனரின் மேசைக்கு வந்தபோது, அட்டைப்படத்தில் நின்ற அவன் மகளின் மடங்கிய விரல்களுக்கு நடுவே அரிசி அளவுக்கு ஒரு கருப்பு இருந்தது.

மைத்திட்டு என்றுதான் டிசைனர் நினைத்தான். அந்த அச்சகத்தில் மை தெறிப்பதும் முதலாளி கத்துவதும் புதிதில்லை. தாளைக் கீழே மெஷின்காரரிடம் கொடுத்தனுப்பினான். அவர் அச்சு பிளேட்டைத் துடைத்து, ரப்பர் உருளையைத் துடைத்து, இன்னொரு தாள் ஓட்டிக் கொண்டுவந்தார். கருப்பு அதே இடத்தில் இருந்தது. கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தான். அங்கே ஒன்றுமில்லை, விரல்களுக்கு நடுவில் சுத்தமான நீல வானம் தெரிந்தது. தாளில் மட்டும்தான் அது.

"யாரு தம்பி பூதக்கண்ணாடி வெச்சிப் பார்க்கப் போறா? ஓட்டிடலாம்" என்றார் மெஷின்காரர். ஓட்டிவிட்டார்கள்.

அந்தப் படத்தில் அவன் மகள் வந்ததே ஒரு ஒட்டுவேலைதான். மலைமேல் இருக்கும் அரசுப் பூங்காவுக்குப் பருவத்துக்கு ஒன்றாக நாலு புரோஷர். வசந்தத்தில் என்ன பூக்கும், கோடையில் எந்தப் பாதையில் நிழல், இலையுதிர்காலத்தில் எங்கே வழுக்கும், குளிர்காலத்தில் என்ன உடுத்திவர வேண்டும் என்று வருகிறவர்கள் திட்டம் போட வசதியாக எல்லாம் அதில் இருக்கும். அட்டையில் எப்போதும் ஒரே இடம், உச்சியிலிருக்கும் காட்சி முனை. ஒரு தடுப்புக் கம்பி, ஒரு கல் பெஞ்சு, அதற்கப்பால் பள்ளத்தாக்கு.

"இடம் அவ்வளவு அழகு. ஆனா யாரும் அந்த முனைக்கு மட்டும் வர மாட்டேங்குறாங்க" என்று பூங்கா அதிகாரி வசந்தகால புரோஷருக்காக வந்தபோது குறைப்பட்டுக்கொண்டார். "படத்துல ஒரு குழந்தையை நிக்க வையுங்களேன். பார்க்கிறவங்களுக்கு நாமளும் போகலாம்னு தோணணும். குழந்தை மட்டும் போதும்."

அன்று மாலைக்குள் வேண்டும் என்றார். ஊரான் பிள்ளையின் படத்தைப் போட்டால் வம்பு வரும். தன் போனில் இருந்த படத்தை எடுத்தான். மொட்டை மாடியில் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்தது. மகள், மனைவி, அவன் என்று மூவரும் கைகோத்து வரிசையாக நிற்கிறார்கள். மகளின் வலது கையில் கடித்த ஆப்பிள். இடது கை அம்மாவின் விரல்களைப் பிடித்திருக்கிறது. அவளை மட்டும் வெட்டியெடுத்துக் கம்பியருகே நிறுத்தினான். அம்மாவின் விரல்களை வெட்டியபிறகு மகளின் இடது கை தோள் உயரத்தில் அந்தரத்தில் தொங்கியது, எதையோ பிடித்திருப்பதுபோல் மடங்கி. விரல்களுக்கு நடுவே ஒரு சின்ன வளையம் வானம். கையைக் கீழே இறக்க அரைநாள் பிடிக்கும். முதலாளி வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே விட்டுவிட்டான். அடுத்தடுத்த புரோஷர்களிலும் வெட்டிய அதே மகள்தான்.

வேலைக்கு நன்றியாகப் பூங்காவிலிருந்து வருடம் முழுக்கச் செல்லும் குடும்ப இலவச பாஸ் வந்தது. அவர்கள் வீட்டில் பயணம் என்பது போவதற்கு அல்ல, திட்டம் போடுவதற்கு. வசந்தத்தில் போகலாம் என்றான். பூந்துகள் ஒத்துக்காது, தும்மியே செத்துப்போவேன் என்றாள் மனைவி. கோடையில் வெயில். மழை வந்தால் பாதை வழுக்கும். குளிரில் போக நமக்கென்ன தலையெழுத்தா? வாலு என்று அவர்கள் கூப்பிடும் மகள்தான் ஒவ்வொரு முறையும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

கோடை முடியும் தறுவாயில், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்.

"மேல போற படியில ஒண்ணு ஆடும்பா. அதுல கால் வெக்கக்கூடாது."

"உனக்கு யாரு சொன்னா?"

"கூட நிக்கிறவங்க."

மனைவி சிரித்தாள். இவன் சிரிக்கவில்லை. அட்டைப்படத்தில் படிகளே கிடையாது.

இலைகள் உதிரத் தொடங்கிய சமயம் ஒரு மாலை, பள்ளிக்கூடத்திலிருந்து அவளை அழைத்து வந்தான். பெரிய ரோட்டைக் கடக்க வழக்கம்போல் அவள் இடது கையைப் பிடிக்கப் போனான். அவள் நகர்ந்துகொண்டாள்.

"அந்தப் பக்கம் வாங்கப்பா. இந்தக் கையில ஆள் இருக்கு."

"பஸ் சீட்டா இது? துண்டு போட்டு வெச்சிருக்காங்களாக்கும்?"

 அவள் ரோட்டைப் பார்த்தபடி நின்றாள். இடது கை தோள் உயரத்தில் இருந்தது, விரல்கள் மடங்கியிருந்தன. அந்தக் கையின் தோரணை அவனுக்கு நன்றாகத் தெரியும், அதன் ஓரத்தை ஒவ்வொரு புள்ளியாக வெட்டியவன் அவன்தான். வண்டிகள் ஓய்ந்ததும் அவள் நடந்தாள், அவனைவிட அரை அடி முன்னால், கொஞ்சம் சாய்ந்து, பெரியவர்கள் வேகமாக இழுத்துப் போகும்போது குழந்தைகள் நடக்கிற அந்த ஓட்டநடையில். அவன் அவளுடைய வலது கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனான். வீட்டுக்குள் வந்து அந்த இடது கையைத் தொட்டுப் பார்த்தபோது ஜில்லென்று இருந்தது. மோந்து பார்த்தான். துருப்பிடித்த இரும்பும் மட்கிய இலையும் சேர்ந்த ஈரவாடை. சோப்புப் போட்டுக் கழுவினான், வாடை போகவில்லை.

மறுநாள் இலையுதிர்காலத் தாள் அச்சாகி வந்தது. புகைப்படக்காரர் பனிமூட்டத்தில் எடுத்த படம், பள்ளத்தாக்கே தெரியாமல் வெள்ளையாக இருந்தது. மெஷின்காரர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சற்றுநேரம் பார்த்தார்.

"பாப்பா கையை யாரோ புடிச்சிருக்காங்களே தம்பி. நீங்க போட்டதா?"

ஒரு விரல். நீளமானது, மூட்டுகள் அதிகம்போல் தெரிந்தது. மகளின் மடங்கிய விரல்களுக்குள் அழகாகப் பொருந்தியிருந்தது, அந்த வளையத்தை அதற்காகவே விட்டு வைத்ததைப்போல. அதற்குமேல் பனி.

"ஆமா, நான்தான் போட்டேன்" என்றான். ஏன் பொய் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. தன் பிள்ளையின் கையை ஏதோ ஒன்று பிடித்திருக்கிறது என்று வாயால் சொல்லப் பயமாக இருந்தது.

வீட்டில் மனைவிக்கும் மெல்லமெல்லத் தெரிந்துவிட்டது. ஸ்வெட்டர் போட்டுவிடும்போது இடது கையை நுழைக்க முடியவில்லை, "விடமாட்டேங்குறாங்கம்மா" என்றாள் வாலு. தூங்கும்போதும் அந்தக் கை மட்டும் போர்வைக்கு வெளியே கட்டிலோரம் நீண்டு நின்றது. டாக்டர் முட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, பழக்கதோஷம், போகப்போகச் சரியாகிவிடும் என்று சத்து டானிக் எழுதிக்கொடுத்தார். ஒரு நாள் விடிகாலையில் மனைவி சமையலறைக்கு வந்து, அடுப்பில் பால் பொங்குவதைக்கூடப் பார்க்காமல் நின்றாள்.

"இவ கையைச் சூடு பண்ணலாம்னு என் ரெண்டு கையாலயும் பொத்திப் புடிச்சேங்க." குரல் கிசுகிசுப்பாக வந்தது. "எனக்கு ரெண்டு கைதான. அப்ப என் கைமேல கையை வெச்சது யாரு?"

அன்று அவன் புரோஷர் விஷயத்தைச் சொன்னான். மனைவி திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீங்கதான வெட்டினீங்க? நீங்களே சரி பண்ணுங்க" என்றாள், அவ்வளவுதான்.

குளிர்காலப் படம் வந்தது. கம்பியில் உறைபனி, பெஞ்சில் உறைபனி, வானம் ஈயநிறம். மகளுக்குக் காய்ச்சல், வீட்டில் இருந்தாள். டிசைனர் பழைய படத்திலிருந்து மகளைக் கொண்டுவந்து வைத்தான். பிறகு, இனி அவள் அங்கே நிற்கவே வேண்டாம் என்று முடிவெடுத்து, படத்தில் அவளிருந்த அடுக்கை, அந்த லேயரை, மறைத்தான். கம்பி காலியானது. போன் அடித்தது.

"என்னங்க, வாலுக்கு மூச்சே வரலைங்க! என்னங்க..."

லேயரை மறுபடி போட்டான். மகள் கம்பியருகே வந்து நின்றாள். போனில் ஒரு பெரிய இருமல், அதன்பின் அழுகை. அவன் நெற்றியை மேசையில் வைத்துக்கொண்டான். அழித்தால் பிள்ளை போய்விடுவாள். விட்டால் அது கூட்டிக்கொண்டு போய்விடும். மதில்மேல் பூனை எந்தப் பக்கமாவது குதிக்கலாம், அவனுக்கு இரண்டு பக்கமும் பள்ளம்.

அப்போதுதான் அது தோன்றியது. இவ்வளவு எளிதான விஷயம் இத்தனை நாள் ஏன் உறைக்கவில்லை! அந்தக் கையை யாரிடமிருந்து பிரித்தானோ அவளிடமே சேர்த்துவிட வேண்டியதுதானே?

மொட்டை மாடிப் படத்தைத் திறந்தான். மனைவியை வெட்டியெடுத்தான். இந்த முறை ஒரு முடிகூட விடாமல், நிழல்கூட மறக்காமல். அவளுக்கு அடுத்து நின்ற தன்னை வெட்டி எறிந்தபோது அவன் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. கண் முழுக்க மகள் பக்கம் இருந்தது. அம்மாவின் விரல்களை மகளின் விரல்களுக்குள் கொண்டுபோய்ச் செருகினான். மில்லிமீட்டர் இடைவெளி இல்லாமல் பொருந்தின. போன் மறுபடி அடித்தது.

"விட்டுட்டாங்கப்பா!" என்று வாலுவே கத்தினாள். "என் கை சூடாயிடுச்சு!"

முதலாளி கேபினில் இருக்கிறார் என்பதையும் மறந்து டிசைனர் விசும்பி அழுதான். பிளேட் போட்டு, அச்சடித்து, மை காயாத முதல் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினான். மனைவியிடம் காட்ட வேண்டும். பஸ் ஸ்டாப்பில் பொழுது மங்கிக்கொண்டிருந்தது. சும்மா இருக்க மாட்டாமல், ஒரு தரம் பார்த்துக்கொள்ளலாமே என்று பிரித்தான்.

மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்திருந்தாள்.

அம்மாவின் இன்னொரு கை, மொட்டை மாடியில் அவனைப் பிடித்திருந்த கை. அது அந்தரத்தில் மடங்கி நின்றது.

நடுவில் வளையம் இல்லை. இந்த முறை அரிசி அளவு கருப்பும் இல்லை. அதைப் பிடித்தபடி ஒரு முழுக் கை. மணிக்கட்டு. அதற்குமேல் ஏறிப் படத்தின் விளிம்பைத் தாண்டிப் போகும் நீண்ட முன்கை. மாடிப் படத்தில் தாழ்ந்திருந்த மனைவியின் கை இப்போது தோளுக்குமேல் உயர்ந்திருந்தது, பெரியவர் பிடித்த குழந்தையின் கைபோல. பிடித்திருப்பது அவ்வளவு உயரம்.

பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை. ஓடினான்.

வீட்டு முன்கதவு திறந்திருந்தது. ஹாலில் மூட்டை கட்டி வைத்திருந்தார்கள். ஸ்வெட்டர்கள், தண்ணீர் பாட்டில், பாஸ். வருடம் முழுக்கத் திட்டம் போட்டும் எடுத்து வைக்காத பொருட்கள் எல்லாம் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. உள்ளிருந்து குளிர் வந்தது. துருவும் மட்கிய இலையும்.

சமையலறையில் விளக்கு எரிந்தது. பின்வாசல் கதவு முழுக்கத் திறந்து கிடந்தது. அங்கே அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மனைவி நின்றாள். வலது கைப்பிடியில் மகள்.

இடது கை வாசலுக்கு வெளியே இருந்தது. முழங்கைவரை. இருட்டுக்குள்.

"வந்துட்டீங்களா? கிளம்பலாங்க" என்றாள் திரும்பாமல்.

"எங்க?"

"மலைக்குத்தான்."

"குளிர்ல போக வேண்டாம்னு நீதானம்மா..."

"குளிர்லதான் நல்லாருக்குமாம்."

யார் சொன்னது என்று அவன் கேட்கவில்லை. மகள் மட்டும் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் காய்ச்சல் இல்லை. அழுகை இருந்தது.

"அப்பா, அம்மா கையில ஆள் இருக்குப்பா. என்னை விடவும் மாட்டேங்குறாங்க."

அவன் பாய்ந்து மகளின் வலது கையைப் பிடித்தான். இன்னொரு கையால் கதவு நிலையைப் பற்றிக்கொண்டான். மனைவியின் தோள் ஒரு முறை அசைந்தது. மனைவி ஒரு அடி வைத்தாள். மகள் ஒரு அடி. அவன் கால்கள் தரையில் வழுக்கின. இழுப்பில் அவசரமே இல்லை. வலிக்கவும் இல்லை. முரண்டு பிடிக்கும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு நடத்திப் போகும் பொறுமை அதில் இருந்தது.

"விடாதீங்கப்பா!"

"விடலடா. விடமாட்டேன்."

நிலையை இறுக்கினான். நகம் மரத்தில் பதிந்தது. விளக்கைப் பார்த்தான், அடுப்பைப் பார்த்தான், ஹாலில் இருந்த மூட்டையைப் பார்த்தான். வெளியே மட்டும் பார்க்கவில்லை. பின்னால் வீடு காலி. அவனுக்கு அது நிச்சயம். மூவர்தான் அந்த வீட்டில்.

நிலையைப் பற்றியிருந்த அவன் கைமேல் ஜில்லென்று ஏதோ படிந்தது.

சுண்டுவிரல் மெதுவாக நிமிர்ந்தது.

அடுத்தது மோதிரவிரல்.

ஒவ்வொன்றாக, நோகாமல், தூங்கிவிட்ட குழந்தையின் கையிலிருந்து பொம்மையை எடுப்பதுபோல, அவன் விரல்களை அது பிரித்துக்கொண்டிருந்தது.