லுலோங் தொடாத சோறு

லுலோங் எல்லைக்கல்லைத் தாண்டியபோது மணி பத்துகூட ஆகவில்லை. எலிப்பாதை என்று எல்லோரும் சொல்லும் ஒற்றையடித் தடம் அது. கல்லுக்கு இந்தப் பக்கம் அவள் ஊர், மலேசியாவின் சரவாக்; அந்தப் பக்கம் இந்தோனேசியா. காட்டுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது; அட்டை இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் கடித்தது.

வழி நெடுகத் திட்டிக்கொண்டே நடந்தாள். தங்கை எண்டியா செத்து எட்டு நாள். சேதி வந்தது நேற்று, அதுவும் மிளகு வாங்க வந்தவன் வாயால். எட்டு நாள்! நாய் செத்தால்கூடப் பக்கத்து வீட்டுக்குச் சொல்வார்கள். இனி அங்கே அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: எண்டியாவின் நாலு வயது மகள் ரபாய். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும்.

பதினாறு குடும்பங்கள் ஒரே கூரைக்குக் கீழே இருக்கும் நீளவீடு. துக்கம் முடியும்வரை சேகண்டி தட்டக்கூடாது, உரக்கச் சிரிக்கக்கூடாது. பொதுக்கூடத்து மூங்கில் தரை மட்டும் அவள் காலடியில் முனகியது.

எண்டியாவின் புருஷன் உகாப் பாயிலிருந்து எழுந்தான்.

“வாங்க மதினி.”

“என்னடா வாங்க? மூணு நாள் காய்ச்சல்ல கிடந்திருக்கா. மலையைத் தாண்டினா எங்க பக்கம் ஆஸ்பத்திரி. தூக்கிட்டு வர உனக்குக் கை இல்லையா?”

“தூளி கட்டினேன் மதினி. அவதான் ஏறமாட்டேன்னுட்டா.” உகாப் தலையைத் தூக்கவில்லை. “எல்லை தாண்டிக் கட்டிக்கிட்டா என் வாசலை மிதிக்காதேன்னு அக்கா சொல்லிருச்சு, செத்தாலும் போகமாட்டேன்னா.”

லுலோங்குக்கு நெஞ்சில் சுருக்கென்றது. சுருக்கென்றதில் கோபம் இன்னும் ஏறியது. தொப்பென்று உட்கார்ந்தாள்.

முன்னால் ஒரு தட்டில் சோறு இருந்தது. ஆவி பறந்தது. மலைநெல் வாசனை.

மலைக்கு இரண்டு பக்கமும் இருக்கும் அந்த ஜனங்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. வைத்த சோற்றைத் தின்ன வேண்டியதில்லை, ஆனால் விரலாலாவது தொட்டுவிட வேண்டும். தொடாமல் எழுந்து போனால் கெட்டது பின்னாலேயே வரும். லுலோங்குக்கு அது தெரியாதா என்ன? தெரிந்தேதான் தட்டைக் காலால் தள்ளினாள்.

“ஐயோ மதினி, ஒரு விரலாவது வைங்க!”

“உன் சோத்தை நான் தொடுவேனா? அதுவும் விளிம்பு உடைஞ்ச தட்டுல! இதான் உன் வீட்டு மரியாதையா?”

உகாப் அப்போதுதான் தட்டைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்துவிட்டது.

“நாங்க வைக்கல மதினி. எங்க அடுப்பு எட்டு நாளா பத்தவே இல்ல. அது… அவளோட அனுப்பின தட்டு.”

செத்தவர்களோடு குழியில் வைக்கும் சாமான்களை உடைத்துத்தான் வைப்பார்கள். அந்த உலகத்தில் அவை முழுசாகிவிடுமாம்.

“என் கையால உடைச்சேன்,” என்று கிசுகிசுத்தான்.

புத்தியுள்ளவள் அப்போதாவது தொட்டிருப்பாள். கோபம் யாரை விட்டது?

“பிள்ளையைக் குடுக்க மனசில்லாம பயங்காட்டுறியா?” ரபாயை வாரி எடுத்து, துணியால் முதுகில் கட்டிக்கொண்டு படியிறங்கினாள். உகாப் தடுக்கவில்லை. “கூட்டிட்டுப் போங்க. தொட்டுட்டுப் போங்க,” என்றுதான் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

நடுப்பகல். மழை இருட்டிக்கொண்டு வந்தது. சில்வண்டுகள் சட்டென்று நின்றன.

பின்னால் காலடி.

அவள் நின்றால் அதுவும் நின்றது.

மலைநெல் வாசனை.

முதுகில் ரபாய் பின்பக்கம் பார்த்துக் களுக்கென்று சிரித்தாள். “யாரைப் பாத்துடி சிரிக்கிற?”

“அம்மா வர்றாங்க பெரியம்மா. சுடச்சுட சோறு கொண்டு வர்றாங்க.”

எல்லைக்கல்லை எட்டியபோது காதோரம் மூச்சு பட்டது. குளிர்ந்த மூச்சு.

“ஒரு விரல் வச்சுட்டுப் போக்கா.”

எண்டியாவின் குரல். கோபித்துக்கொண்டால் இழுத்துப் பேசும் அதே குரல்.

லுலோங்குக்கு அழுகை வந்தது. அழ மாட்டேன் என்று பல்லைக் கடித்தாள். “உசிரோட வர்றதுக்கு என்னடி கேடு உனக்கு? இப்ப எதுக்கு வர்ற? போடி!”

திரும்பியே பார்க்காமல் கல்லைத் தாண்டினாள். வாசனை நின்றது. காலடியும் நின்றது. பிள்ளை இனி தன்னுடையவள் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று மாலை ரபாய் சாப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. பொரித்த மீன், கஞ்சி, சீனி பிஸ்கட், எதை நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால் நர்ஸ் சிரித்தாள். “இதுவா சாப்பிடாத பிள்ளை? வயித்தைப் பாருங்க, கும்முனு இருக்கு!”

நாலாம் நாள் மத்தியானம் லுலோங் பிள்ளை முன்னால் மண்டியிட்டாள்.

“ஒரே ஒரு வாய்டி கண்ணு. பெரியம்மாவுக்காக.”

“வேணாம்.”

“விரலாலயாவது தொடுடி!”

“அம்மா தொடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க.”

லுலோங் கிண்ணத்தைச் சுவரில் வீசினாள். வெறுங்காற்றைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டிக் கத்தினாள். “என் மேல கோபம்னா என்னை அடிடி! இப்பத் தொடுறேன், குடு! குடுடி பாவி!”

யாரும் எதுவும் கொடுக்கவில்லை. ரபாய் பக்கவாட்டில் திரும்பி, யாருமில்லாத இடத்தைப் பார்த்து வாயைத் திறந்தாள். மெல்ல மென்றாள்.

உதட்டோரம் ஒரு பருக்கை. அதிலிருந்து ஆவி பறந்தது.

லுலோங் விரலை நீட்டுவதற்குள், பிள்ளை அதை நாக்கால் நக்கி விழுங்கிவிட்டாள்.